எஸ்.டி.எஸ். உடைந்த விதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறுபதுகளின் மாணவர் எழுச்சிகள் பற்றிய உங்கள் பழைய குறிப்பொன்றில், அமெரிக்காவின் எஸ்.டி.எஸ். என்ற மாணவர் அமைப்பை ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள்: 'ஒரு லட்சம் பேர் கொண்ட அமைப்பு ஐந்து நாள் மாநாட்டில் கலைந்தது.' அந்த வரி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் இரண்டு விளக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எஃப்.பி.ஐ. ஆள்விட்டு உடைத்தது என்பது ஒன்று. சில அவசரக்காரர்கள் வெடிகுண்டைத் தூக்கினார்கள், மற்றவர்கள் பயந்து விலகினார்கள் என்பது இன்னொன்று. இதில் எது சரி? இன்னொரு குழப்பமும் உண்டு. தலைவர்களே வேண்டாம், 'பங்கேற்பு ஜனநாயகம்' போதும் என்று சொன்ன அமைப்பு, தலைவர்களின் கோஷ்டிச் சண்டையில் எப்படி உடைய முடியும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்ன இரண்டுமே நடந்தவைதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மாநாடு நடந்தது 1969 ஜூன் 18 முதல் 22 வரை. எஸ்.டி.எஸ்.ஸிலிருந்து பிரிந்த கோஷ்டி ஒன்று நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் குண்டு தயாரித்துக்கொண்டிருந்த வீடு வெடித்து அதைச் செய்தவர்களிலேயே மூன்று பேர் செத்தது 1970 மார்ச் 6. அதற்குள் எஸ்.டி.எஸ்.ஸின் சிகாகோ அலுவலகத்தை மூடிவிட்டார்கள். குண்டால் அமைப்பு செத்தது என்பது பாடை போன பிறகு வந்த வைத்தியர்மேல் பழி போடுவதுபோல.

எஃப்.பி.ஐ. கதை அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. 1968 மே மாதம் புதிய இடதுசாரிகளைக் குலைப்பதற்கென்றே தனித் திட்டம் போட்டார்கள். மொட்டைக் கடிதம், பெற்றோருக்குக் கடிதம், கல்லூரி நிர்வாகத்துக்குக் கடிதம், இருவருக்கிடையே உள்ள மனக்கசப்பை ஊதிவிடுவது என்று பட்டியலே வைத்திருந்தார்கள். 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தை உடைத்துச் சிலர் கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். திட்டத்தின் பெயரே அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் ஆப்பு இறங்க வேண்டுமானால் மரத்தில் முதலில் விரிசல் இருக்க வேண்டும். அந்த விரிசல் 1968-இல் விழுந்ததல்ல. கூட்டம் எப்படி நடத்துவது, யாரை உள்ளே விடுவது, முடிவை யார் எடுப்பது என்ற சாதாரண விஷயங்களில் ஆரம்ப நாளிலிருந்தே இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொள்கை விவாதங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது.

எஸ்.டி.எஸ். என்றால் 'ஜனநாயகச் சமூகத்துக்கான மாணவர்கள்'. புதிதாகப் பிறந்ததல்ல. தொழில் ஜனநாயகக் கழகம் என்ற பழைய சோஷலிச அமைப்பின் மாணவர் கிளை அது. 1960-இல் பெயரை மட்டும் மாற்றினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆல் ஹேபர்தான் முதல் தலைவர். அதே வருடம் பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். வடக்கே இருந்த வெள்ளை மாணவர்களுக்கு அதுதான் முதல் அடி. நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி அங்கிருந்து வந்தது.

1962 ஜூனில், மிச்சிகனின் போர்ட் ஹூரனில், மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் முகாம் ஒன்றில் சுமார் 60 பேர் கூடினார்கள். அமைப்பின் கொள்கை அறிக்கைக்காக டாம் ஹேடன் எழுதி வந்த நகலைச் சிறு குழுக்களாகப் பிரிந்து நாள் கணக்கில் விவாதித்துத் திருத்தினார்கள். மத்தியதர வசதியில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, தங்களுக்குக் கிடைக்கப்போகும் உலகத்தைச் சங்கடத்தோடு பார்க்கும் தலைமுறை நாங்கள் என்று அந்த அறிக்கை தொடங்குகிறது. சைக்ளோஸ்டைல் செய்து 35 சென்டுக்கு விற்றார்கள். பங்கேற்பு ஜனநாயகம் என்ற சொல் பரவியது இதன்மூலம்தான். தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முடிவுகளில் தனிமனிதன் பங்கு கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் பொருள். கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு அதில் விதி எதுவும் இல்லை. 60 பேர், பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஒரே முகாமில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர்கள். அவர்களுக்கு விதி தேவைப்படவில்லை.

இனி நடந்ததைக் கவனியுங்கள். கம்யூனிஸ்ட் இளைஞர் குழுவொன்றிலிருந்து வந்த ஒருவரைப் பார்வையாளராக உட்கார அனுமதித்திருந்தார்கள். தாய் அமைப்பின் பெரியவர்கள் கொதித்தார்கள். மைக்கேல் ஹாரிங்டன் அவர்களில் முன்னால் நின்றார். அவருக்கே அப்போது முப்பத்துச் சொச்சம் வயதுதான். விசாரணை வைத்தார்கள். நியூயார்க் அலுவலகத்தின் பூட்டை மாற்றினார்கள். மாணவர்கள் சொந்த அலுவலகத்துக்கு வெளியே நின்றார்கள். பிறகு சமாதானம் ஆனது, ஆனால் அந்தப் பூட்டு மனசில் தங்கிவிட்டது. கருத்தைக் காரணம் காட்டி ஒருவனை வெளியே நிறுத்துவது கிழவர்களின் வியாதி என்று அந்தத் தலைமுறை முடிவு கட்டியது.

என் பார்வையில் 1969-க்கான விதை இங்கேதான் விழுந்தது. ஹாரிங்டன் தலைமுறைக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். கட்டுப்பாடான சிறு கட்சியொன்று தளர்வான பெரிய அமைப்புக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களுடைய முன்னோடிகள் முப்பதுகளில் பார்த்திருந்தார்கள். அந்தப் பாடத்தை அவர்கள் கற்றுக்கொடுத்திருக்கலாம். கற்றுக்கொடுக்காமல் பூட்டு மாற்றினார்கள். பின்னாளில் ஹாரிங்டனே தான் நடந்துகொண்ட விதத்துக்கு வெளிப்படையாக வருந்தினார்.

அடுத்த மூன்று வருடம் எஸ்.டி.எஸ். சிறிய அமைப்புதான். மோட்டார் தொழிலாளர் சங்கம் கொடுத்த 5,000 டாலரில் ஆரம்பித்து, 1964 கோடையில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் நியூவார்க், கிளீவ்லாந்து, சிகாகோ போன்ற நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குக் குடிபோனார்கள். ஆலைகள் இயந்திரமயமாகி வேலையில்லாதவர்கள் பெருகப்போகிறார்கள், அவர்களைத் திரட்டலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. 1964, 65-இல் பொருளாதாரம் மேலே போய், வேலை தேடி நின்றவர்களின் வரிசை சுருங்கியது. கதவைத் தட்டினால் வேலையற்ற ஆண்கள் இல்லை. அரசு உதவித்தொகையில் குழந்தை வளர்க்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய கவலை குப்பை அள்ளாதது, வீட்டுக்காரர் கூரை மாற்றாதது. சிகாகோ திட்டத்துக்கு 'ஜாய்ன்' என்று பெயர். 'வேலை அல்லது வருமானம், இப்போதே' என்பதன் சுருக்கம். குப்பை பக்கம் சாய்ந்தவர்களின் வழிக்குக் கிண்டலாக 'க்ராய்ன்' என்று பெயர் வைத்தார்கள். 'குப்பையை அள்ளு அல்லது வருமானம் கொடு, இப்போதே'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தொடையிடுக்கு என்று பொருள். அமைப்புக்கு நகைச்சுவை உணர்வு இருந்த காலம் அது.

கூட்டம் நடத்தும் பழக்கம் உருவானதும் இந்தக் குடியிருப்புகளில்தான். வாக்கெடுப்பு என்றால் தோற்றவர்கள் இருப்பார்கள், அது வேண்டாம், எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவோம் என்றார்கள். கிளீவ்லாந்தில் ஒருநாள் விடுப்பு எடுத்துக் கடற்கரைக்குப் போகலாமா என்பதைத் தீர்மானிக்க 24 மணி நேரம் கூட்டம் போட்டார்கள். சிரிக்கலாம். ஆனால் இந்த முறையில் யார் ஜெயிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைசிவரை உட்கார முடிந்தவர் ஜெயிப்பார். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர், குழந்தை உள்ளவர், கூச்ச சுபாவம் உள்ளவர் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். கூட்டத்தில் அதிகாரம் ஒழிந்துவிட்டது என்ற எண்ணத்தில், தாக்குப்பிடிப்பவன் கையில் அதைக் கொடுத்தார்கள்.

அமைப்பு பெருத்தது அதன் சாமர்த்தியத்தால் அல்ல, போரால். 1964 டிசம்பரில் நியூயார்க்கில் கூடிய தேசியக் கவுன்சில், வரும் ஏப்ரலில் வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு எதிராக ஒரு ஊர்வலம் என்று முடிவு செய்தது. சில ஆயிரம் பேர் வந்தால் பெரிது என்ற நினைப்பு. 1965 மார்ச் 2 அன்று வட வியட்நாம்மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று வந்தவர்கள் 15,000 முதல் 25,000 வரை. ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் மாதாந்திரப் படைச் சேர்ப்பை 17,000-இலிருந்து 35,000 ஆக்கினார்.

கட்டாய ராணுவச் சேர்ப்பின் விதிகளைப் புரிந்துகொள்ளாமல் இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கல்லூரியில் படிப்பவனுக்குச் சேர்ப்பிலிருந்து ஒத்திவைப்பு உண்டு. 1966-இல் அந்த ஒத்திவைப்பை வகுப்பு மதிப்பெண் வரிசையோடும் ஒரு தேசியத் தேர்வோடும் கட்டினார்கள். அதாவது பேராசிரியர் போடும் மதிப்பெண் ஒரு பையனைக் காட்டுக்குப் போருக்கு அனுப்பக்கூடும். கல்லூரிகள் வரிசைப் பட்டியலை ராணுவத்துக்குக் கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியில் படிக்க மட்டும் வந்த மாணவனும் கட்சி சேர வேண்டியதாயிற்று. எஸ்.டி.எஸ். செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று அப்போது நடந்தது. தேசியத் தேர்வைப் போலவே, வியட்நாம் வரலாறு பற்றிய கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள். தேர்வு மையங்களின் வாசலில் நின்று கொடுத்தார்கள். உள்ளே போகும் பையன் கையில் இரண்டு கேள்வித்தாள். கோஷம் இல்லை, கல் இல்லை.

அமெரிக்கக் கல்லூரி மாணவர் எண்ணிக்கை 1960-இல் சுமார் 36 லட்சம். பத்து வருடத்தில் 80 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பேருக்கும் சேர்ந்து ஒரே பயம். கிளைகள் தானாக முளைத்தன. 1968-இல் 350-க்கு மேல் கிளைகள் இருந்தன. உறுப்பினர்கள் 80,000 முதல் ஒரு லட்சம்வரை என்பது மதிப்பீடு. தேசிய அலுவலகத்தில் சந்தா கட்டிப் பெயர் பதிந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். சிகாகோவில் மேற்கு மாடிசன் தெருவில் 1608-ஆம் எண் கட்டிடத்தில் அலுவலகம். அங்கே இருந்தவர்களுக்கே எந்த ஊரில் எத்தனை கிளை என்று சரியாகத் தெரியாது. என் குறிப்பில் 'ஒரு லட்சம் பேர் கொண்ட' என்று எழுதியது இந்த வகையில் கொஞ்சம் தவறு. 'கொண்ட' என்ற சொல்லுக்கு ஏற்ற அமைப்பாக அது இல்லை.

இந்தச் சமயத்தில் மூன்று முடிவுகள் எடுத்தார்கள். மூன்றும் நல்லெண்ணத்தில் எடுத்தவை.

1965 ஜூனில் கெவாடின் மாநாட்டில், சர்வாதிகாரத்தை ஆதரிப்பவர்கள் உறுப்பினராக முடியாது என்ற விதியை நீக்கினார்கள். பழைய பூட்டுக்கு அது பதில். கம்யூனிஸ்ட் கட்சி அப்போது கிழடுதட்டிக் கிடந்தது, அதைப் பார்த்துப் பயப்பட ஏதுமில்லை என்றார்கள். அது சரியும்கூட. ஆனால் கதவு ஒருவருக்கு மட்டும் திறப்பதில்லையே. அக்கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு மாவோ பக்கம் போனவர்கள் 1962-இல் தொடங்கியது 'முற்போக்குத் தொழிலாளர்' அமைப்பு. ஆங்கில எழுத்தில் சுருக்கி பி.எல். என்பார்கள். பி.எல். 1966 பிப்ரவரியில் தன் மாணவர் முன்னணியைத் தானே கலைத்துவிட்டு, ஆட்களை எஸ்.டி.எஸ். கிளைகளுக்குள் அனுப்பியது. விதியை நீக்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதே 1965-இல் தாய் அமைப்போடு உறவு முறிந்தது. வரிவிலக்குப் பெற்ற அமைப்புக்கு இவர்களின் அரசியல் சுமையாக இருந்தது, இவர்களுக்கு அவர்களின் புத்திமதி. அதோடு கணக்கு வழக்கு தெரிந்த, கூட்டம் நடத்தத் தெரிந்த பெரியவர்கள் போனார்கள்.

1967-இல் தலைவர், துணைத்தலைவர் பதவிகளையே ஒழித்துவிட்டு மூன்று செயலாளர்களை வைத்தார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. தலைவர் பதவி போனதும் தலைவர்கள் போய்விடவில்லை. மேடையில் நன்றாகப் பேசுபவர், தொலைக்காட்சி கேமரா தேடி வருபவர், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் தலைவரானார். முறையாகத் தேர்ந்தெடுக்காத ஒருவரை முறையாக நீக்கவும் வழியில்லை.

அந்த 1967 மாநாட்டிலேயே பெண்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆண்கள் ஊளையிட்டார்கள். அமைப்பின் பத்திரிகையான நியூ லெஃப்ட் நோட்ஸ் தீர்மானத்தை அச்சிட்டது. பக்கத்தில் ஒரு படம்: குட்டைப் பாவாடைச் சிறுமி ஒருத்தி 'எங்கள் உரிமை இப்போதே வேண்டும்' என்று அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீடு வீடாகக் கதவு தட்டி ஆள் சேர்த்த பெண்கள், ஸ்டென்சில் வெட்டிய பெண்கள், அடுத்த இரண்டு வருடத்தில் கொத்துக் கொத்தாக வெளியேறிப் பெண் விடுதலைக் குழுக்களை ஆரம்பித்தார்கள். மாநாட்டு அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு அடிக்குறிப்பாக வைப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளைகளில் நிஜமாக வேலை பார்த்த கைகளை அமைப்பு இழந்தது அப்போதுதான்.

இனி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1968 ஏப்ரல். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதிலிருந்து கற்றுக்கொண்ட தப்பான பாடம்தான் பிறகு ஆளைக் கொன்றது. ஒரு வருடம் முன்பே, ராணுவ ஆய்வு நிறுவனம் ஒன்றோடு பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பை நூலகத்தில் உட்கார்ந்து ஒரு மாணவர் கண்டுபிடித்திருந்தார். அதை வைத்துத் துண்டறிக்கை, விடுதி அறை அறையாகப் பேச்சு, கையெழுத்து வேட்டை. இன்னொரு பக்கம், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமை ஒட்டிய பொதுப் பூங்காவில் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக் கூடம் கட்ட ஆரம்பித்தது. ஹார்லெம் மக்கள் கீழ்ப்பக்க வாசல் வழியாக ஒரு சிறு பகுதிக்கு மட்டும் போகலாம். ராணுவ ஆய்வு கண்ணுக்குத் தெரியாத விஷயம். இந்தத் தனி வாசல் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தது கிளையின் சாமர்த்தியம். நிர்வாகம் ஆறு மாணவர்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது மூன்றாவது விறகு.

ஏப்ரல் 23 அன்று கூட்டம் நூலகக் கட்டிடத்துக்குப் போனது, கதவு பூட்டு. பூங்காவுக்குப் போனது, வேலியைப் பிய்த்தது, போலீஸ் தடுத்தது. திரும்பி வந்து ஹாமில்டன் ஹாலில் உட்கார்ந்தது. முன்கூட்டிப் போட்ட திட்டம் அல்ல. இரவோடிரவாகக் கறுப்பின மாணவர்கள், இது எங்கள் போராட்டம், நீங்கள் வேறு கட்டிடம் பாருங்கள் என்று வெள்ளை மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் போய் நிர்வாகத் தலைவர் கிரேசன் கிர்க்கின் அறைக்குள் புகுந்தார்கள். கடைசியில் ஐந்து கட்டிடங்கள். ஏப்ரல் 30 அதிகாலையில் போலீஸ் உள்ளே வந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. அதுவரை வேடிக்கை பார்த்தவர்களும் அடி வாங்கினார்கள். மறுநாள் வளாகமே வேலைநிறுத்தத்தில் இருந்தது.

கொலம்பியா கிளைக்குள் இரண்டு கோஷ்டி உண்டு. பொறுமையாகப் பேசி ஆள் சேர்ப்போம் என்றவர்கள் ஒரு பக்கம், செயலில் இறங்கினால் ஆள் தானாக வரும் என்றவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கோஷ்டியின் முகம் மார்க் ரட். ஏப்ரலுக்குப் பிறகு அவர்கள்தான் ஜெயித்ததாகத் தோன்றியது. ஒரு வருடம் முதல் கோஷ்டி வாசலுக்கு வாசல் போட்ட விதை யாருக்கும் நினைவில்லை. முட்டினால் போலீஸ் அடிக்கும், அடித்தால் கூட்டம் சேரும் என்ற ஒற்றை வரிச் சூத்திரம் மட்டும் மிஞ்சியது.

இதற்கிடையே பி.எல். ஆட்கள் கிளை கிளையாக வளர்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி ஏளனமாக எழுதுவது வழக்கம், நான் எழுதமாட்டேன். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள், போதைப்பொருளைத் தொடவில்லை, கோடையில் ஆலை வேலைக்குப் போனார்கள், சொன்ன நேரத்துக்குக் கூட்டத்துக்கு வந்தார்கள். எஸ்.டி.எஸ்.ஸில் அபூர்வமான குணங்கள். ஆனால் வாக்கை வெளியே முடிவு செய்துவிட்டு உள்ளே வந்தார்கள். 80 பேர் கூட்டத்தில் 60 பேர் யோசிக்க வந்திருக்கிறார்கள், 20 பேர் முடிவோடு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டும்போது அறையில் 35 பேர். அதில் அந்த 20 பேரும் இருப்பார்கள். கிளீவ்லாந்துக் கடற்கரைக் கூட்டத்தின் விதி இங்கே வந்து வேலை செய்தது. இன்னொன்று, எந்தக் கேள்விக்கும் அவர்களிடம் மார்க்சியத்தில் ஒரு பதில் தயாராக இருந்தது. மற்றவர்களிடம் நல்ல மனசு மட்டும் இருந்தது. மூன்று வருடப் போருக்குப் பிறகு நல்ல மனசு போதவில்லை.

தேசிய அலுவலகத்துக்காரர்கள் என்ன செய்திருக்கலாம்? இன்னொரு கட்சியின் கட்டளைக்கு உட்பட்டவர் இங்கே உறுப்பினராக இருக்க முடியாது என்று ஒரு சாதாரண விதி கொண்டுவந்திருக்கலாம். கருத்துக்குத் தடை போடாமல் இரட்டை உறுப்பினர் நிலைக்கு மட்டும் தடை. 1962 பூட்டின் நினைவு அதைச் செய்யவிடவில்லை. அவர்களும் பி.எல். மொழியையே பேசினார்கள். உன்னைவிட நான் பெரிய மார்க்சியவாதி என்று போட்டி. 1968 டிசம்பரில் ஆன் ஆர்பர் கவுன்சிலில் 'புரட்சிகர இளைஞர் இயக்கம்' என்ற தீர்மானத்தைச் சொற்ப வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். போர்ட் ஹூரன் அறிக்கையை ஒரு முதலாண்டு மாணவன் பேருந்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். 1969 ஜூனில் பதினொரு பேர் கையெழுத்திட்டு, ஒரு பாட்டு வரியைத் தலைப்பாக வைத்து வெளியிட்ட அறிக்கையைப் புரிந்துகொள்ள அகராதி போதாது, கோஷ்டிகளின் ஜாதகமும் வேண்டும். தேசிய அலுவலகப் பக்கத்திலிருந்த அந்தக் கோஷ்டிக்கு 'வெதர்மேன்' என்ற பெயர் அந்தத் தலைப்பிலிருந்து வந்ததுதான்.

1969 ஜூன் மாநாடு நடந்தது சிகாகோ கொலிசியத்தில். பழைய, பெரிய மண்டபம். பல கல்லூரிகள் இடம் தர மறுத்ததால் அங்கே போனார்கள். 1,500-க்கு மேல் பேர். வாசலில் ஒவ்வொருவரையும் தடவிச் சோதித்தார்கள். பங்கேற்பு ஜனநாயகத்தின் வாசலில்! உள்ளே முதல் நாளிலிருந்தே ஒழுங்குப் பிரச்சினை, எதிர்ப்புக் கோஷம், மாவோவின் சிவப்புப் புத்தகத்தை ஆட்டுவது. அலுவலகத்துக்காரர்களின் துருப்புச்சீட்டு பிளாக் பாந்தர் என்ற கறுப்பினப் புரட்சிக் கட்சி. தேசியவாதம் எல்லாமே பிற்போக்கு என்பது பி.எல். நிலைப்பாடு, பாந்தர்களின் கறுப்பின அரசியலுக்கும் சேர்த்துத்தான். ஆகவே பாந்தர்கள் வந்து பேசினால் பி.எல். மண்ணைக் கவ்வும் என்பது கணக்கு. பேச வந்தவர் பெண்களைப் பற்றிக் கொச்சையாக ஒரு வாக்கியம் சொன்னார். மண்டபம் வெடித்தது. 'ஆணாதிக்கத்தை எதிர்ப்போம்' என்று பி.எல். கோஷம் போட்டது. அவர்களுக்கு அது லட்டு. 1967-இல் ஊளையிட்ட அமைப்பு இதற்கு என்ன பதில் சொல்லும்?

மறுநாள் பாந்தர்கள் திரும்பி வந்து, பி.எல்.லை என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் உங்களை மதிப்போம் என்று அறிக்கை படித்தார்கள். அலுவலகப் பக்கத்தின் பெர்னடீன் டோர்ன் தன்னோடு உடன்படுபவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்து அறைக்கு வெளிநடப்பு செய்தார். அங்கே ஒரு நாளுக்கு மேல் பேச்சு. சனிக்கிழமை இரவு திரும்பி வந்து, பி.எல்.லும் அதன் ஆதரவாளர்களும் நீக்கப்பட்டார்கள் என்று மேடையிலிருந்து அறிவித்துவிட்டு மறுபடி வெளியேறினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முழு மாநாட்டில் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. நடத்தினால் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாததால்தான் அந்தப் பாதை என்று நினைக்கிறேன். மண்டபத்தில் எந்தக் கோஷ்டியும் சேராமல் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு எஸ்.டி.எஸ். இருந்தன. மார்க் ரட், பில் ஏயர்ஸ், ஜெஃப் ஜோன்ஸ் மூவரும் ஒரு பக்கத்தின் செயலாளர்கள். சிகாகோ அலுவலகமும் முகவரிப் பட்டியலும் அச்சு இயந்திரமும் அவர்கள் கையில். பி.எல். பக்கம் பாஸ்டனுக்குப் போய் இன்னொரு நியூ லெஃப்ட் நோட்ஸ் போட்டது. செப்டம்பரில் கல்லூரி திறந்தபோது கிளைகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் தாள் வந்தது. நிறைய கிளைகள் இரண்டையும் மடித்து வைத்துவிட்டு வேறு பெயரில் வேலை பார்க்கப் போய்விட்டன.

கொலம்பியா சூத்திரம் கடைசியாக ஒரு முறை சோதிக்கப்பட்டது. 1969 அக்டோபர் 8, சிகாகோ லிங்கன் பூங்கா. ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்று வெதர்மேன்கள் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் சில நூறு பேர், ஹெல்மெட்டும் தடியுமாக. கார் கண்ணாடிகளை உடைத்து, அடி வாங்கி, கைதானார்கள். சிகாகோ பாந்தர்களின் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனே இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். யாருடைய பெயரைச் சொல்லி பி.எல்.லை நீக்கினார்களோ அந்தக் கட்சிக்காரர். அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 15 அன்று, வேறு ஆட்கள் ஏற்பாடு செய்த போர் எதிர்ப்பு நாளில் நாடு முழுவதும் கலந்துகொண்டவர்களை இருபது லட்சம்வரை மதிப்பிட்டார்கள். போரை எதிர்க்கும் மக்கள் அப்போதுதான் உச்சத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மக்கள் பயந்து விலகினார்கள் என்பது அதனால்தான் பொருந்தவில்லை, கே. விலகியது அமைப்பு.

டிசம்பர் 4 அன்று போலீஸ் சோதனையில் ஹாம்ப்டன் தன் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். மாதக் கடைசியில் ஃபிளின்ட் நகரில் வெதர்மேன்கள் கூடித் தலைமறைவாவது என்று முடிவெடுத்தார்கள். மார்ச்சில் வெடித்த குண்டுகள் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் நடக்கவிருந்த ஒரு நடன நிகழ்ச்சிக்கானவை. போரை நிறுத்தப் புறப்பட்டவர்கள் ராணுவத்தினரின் நடனத்துக்குக் குண்டு செய்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை.

1970 ஏப்ரல் 30 அன்று கம்போடியாவுக்குள் படை போவதை நிக்சன் அறிவித்தார். மே 4 அன்று ஒஹையோவின் கென்ட் மாகாணப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை 13 விநாடிகளில் 67 முறை சுட்டது. நான்கு மாணவர்கள் செத்தார்கள், ஒன்பது பேர் காயம். அங்கிருந்த எஸ்.டி.எஸ். கிளைக்கு நிர்வாகம் ஒரு வருடம் முன்பே தடை போட்டிருந்தது. அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய மாணவர் வேலைநிறுத்தம் அடுத்த வாரத்தில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் நடந்தது. எந்தக் கல்லூரி மூடியிருக்கிறது, எங்கே போலீஸ் வந்திருக்கிறது, யாருக்கு ஆள் வேண்டும் என்பதை ஒருவர் தொகுக்க வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸின் பிரான்டைஸ் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் தொலைபேசிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழைப்பு வர வரக் கல்லூரிப் பெயர்களைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கு மாடிசன் தெரு 1608 செய்ய வேண்டிய வேலை அது.

அன்புடன்,
ஆசிரியர்